லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கு, அண்ணாச்சி?

புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. தெருவில் போகிற யாராவது ஒருவர் நின்று கேட்டுவிடுவார்: "அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கு?" பாளையங்கோட்டையானாலும் சரி, வள்ளியூரானாலும் சரி, விலையை அதற்கு அப்புறம்தான் கேட்பார்கள்.

அந்தக் "கொடுக்கு" எனக்குப் பிடித்த சொல். மாடு வாங்கிவந்தவரிடம் "எவ்வளவு கறக்கு?" என்று கேட்கிற அதே தொனி. மாடு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், சந்தையில் தரகர் சொன்ன கறவை வேறு, நம் தொழுவத்தில் நம் தீவனத்துக்குக் கறக்கிற கறவை வேறு. தரகர் பொய் சொல்லிவிட்டார் என்று எப்போதும் சொல்ல முடியாது. அவர் பார்த்த அன்று அது தின்ற தீவனம் வேறாக இருந்திருக்கும்.

போன சித்திரையில் வள்ளியூரில் இருக்கிற என் அத்தான் வாட்சப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். எல்லாம் ஜப்பான் கம்பெனி வண்டிகள், அறிமுகமானபோது லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனிகள் அறிவித்த எண்கள். ஸ்விஃப்ட் 24.8, பலேனோ 22.35, ஹோண்டா சிட்டி 17.8, அதே சிட்டியின் ஹைபிரிட் (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) 26.5, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் 27.97. கீழே ஒரு கேள்வி: "மாப்ளே, இதுல பெரிய நம்பர் எதுவோ அதை எடுத்திரலாம்லா?"

எடுக்கலாம்தான். ஆனால் அந்த நம்பர் எங்கே, எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் எடுத்தால், ஆறு மாதம் கழித்து வண்டியையும் கம்பெனியையும் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பணகுடிப் பக்கம் மலையடிவாரத்தில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் இருக்கிறதல்லவா? அங்கே ராக்கெட் எஞ்சினைப் பறக்கவிடாமல் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். காரின் மைலேஜையும் ஏறத்தாழ அப்படித்தான் அளக்கிறார்கள், ரோட்டில் இல்லை, ஓர் அறைக்குள். சக்கரங்கள் இரும்பு உருளைமேல் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், எதிரே ஒரு பெரிய மின்விசிறி. ஓட்டுபவர் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். செலவான பெட்ரோலை டேங்கில் அளப்பதில்லை. புகையைப் பைகளில் பிடித்து, அதிலிருக்கும் கார்பனை வைத்து எவ்வளவு எரிந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். புனேயில் 1966-ல் தொடங்கிய ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் பெயரால், இப்படி வரும் எண்ணை நம் ஊரில் "ஏஆர்ஏஐ மைலேஜ்" என்கிறோம். (மைலை விட்டு கிலோமீட்டருக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, மைலேஜ் மட்டும் போக மாட்டேன் என்கிறது.)

திரையில் ஓடும் அந்தக் கோடுதான் வண்டியின் தீவனம். ஐரோப்பாவின் பழைய சோதனையை எடுத்து, அதிலிருந்த 120 கி.மீ. உச்ச வேகத்தை 90 ஆகக் குறைத்து நம்மவர்கள் வைத்துக்கொண்டது அது. மொத்தம் 1,180 விநாடி, இருபது நிமிடம்கூட முழுசாக இல்லை. முதல் பாதிக்கு மேல் நகர ஓட்டம்: 195 விநாடிப் பாடம் ஒன்றை நான்கு தடவை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. மிச்சமுள்ள 400 விநாடிதான் ஊருக்கு வெளியே. 90-ஐத் தொடுவது அதன் பிற்பகுதியில். ஏசி கிடையாது. மேடு கிடையாது. பின்சீட்டில் மாமனார் வீட்டுக்காரர்களோ டிக்கியில் அரிசி மூட்டையோ கிடையாது. பாளையங்கோட்டையின் மே மாத வெயிலும் கிடையாது.

ஆக, அந்த 24.8 பொய்யில்லை. அந்த இருபது நிமிடத்துக்கு அது உண்மை. எல்லா வண்டியும் ஒரே பரீட்சையை எழுதுவதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவும் உதவும். நம் வீட்டு பட்ஜெட்டுக்கு உதவுமா என்பது வேறு விஷயம்.

ஒரே பரீட்சை என்றேன், அது இந்தியாவுக்குள் மட்டும். ஜப்பானில் ஒரு வண்டி 36 கொடுக்கிறது, இங்கே ஏன் 28 தாண்டவில்லை என்று யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அங்கே யாரிஸ் ஹைபிரிட் 2020-ல் 36 என்ற எண்ணோடு வந்தது நிஜம். ஆனால் அங்கே தீவனமே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. முன்பு '10-15' என்ற சோதனை, அப்புறம் 'ஜேசி08', இப்போது உலகப் பொதுச் சோதனையான 'டபிள்யூஎல்டிசி'. அந்தக் கடைசிச் சோதனையிலும் மிக அதிக வேகப் பகுதியை மட்டும், எங்கள் சாலைக்கு அது பொருந்தாது என்று ஜப்பான் கழற்றிவிட்டது. சோதனை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் நல்ல சாட்சி. ஒரே வண்டி, 10-15 முறையில் லிட்டருக்கு 38, ஜேசி08 முறையில் 32.6. ஒரு போல்ட்கூட மாறவில்லை, ஐந்து கி.மீ. காணாமல் போய்விட்டது.

ஜப்பான்காரர்கள் செய்வதில் எனக்குப் பிடித்த ஒன்று, இப்போதைய சோதனையில் நகரம், புறநகர், அதிவேகச் சாலை என்று மூன்று எண்களையும் தனித்தனியாக அச்சிட்டுக் கொடுப்பது. நம் ஊரில் ஒற்றை எண்ணோடு சரி. டவுனுக்குள்ளேயே ஓடுபவருக்கும் மதுரைக்கு வாரம் மூன்று நடை போகிறவருக்கும் ஒரே எண்ணை நீட்டினால் என்ன செய்வது?

ஜப்பானியக் கம்பெனிகள் ஏன் இந்த லிட்டர் கணக்கில் இப்படி மூழ்கிக் கிடக்கின்றன என்பதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். கச்சா எண்ணெய் ஏறத்தாழ முழுக்க இறக்குமதி. ஊர்ச் சாலைகளோ குறுகல். அங்கே 'கேய்' என்று ஒரு சின்னக் கார் வகை சட்டத்திலேயே உண்டு: நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள் இருந்தால் வரியில் சலுகை. சுசுகி வளர்ந்ததே இந்தத் தொட்டிலில்தான். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 இங்கே சாவி கைமாறியபோது, கேய் எஞ்சினின் வரம்பு 550 சிசி. சுசுகியின் கேய் கார் ஒன்றின் ஏற்றுமதி வடிவத்தில் 796 சிசி எஞ்சினைப் போட்டு நமக்குக் கொடுத்தார்கள். குறைந்த இரும்பில் நாலு பேரை உட்காரவைக்கிற அந்தக் கைவேலைதான் இன்றைக்கும் சுசுகியின் மூலதனம். புது ஸ்விஃப்ட் ஒரு டன் எடைகூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். டாக்சிக்காரர்கள் இன்றைக்கும் ஏங்கிப் பேசுகிற "பழைய டிசையர் டீசல்", 2017-ல் லிட்டருக்கு 28.4 என்று அறிவிக்கப்பட்ட வண்டி. அதிலிருந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஜப்பானில் பிறந்ததே இல்லை, இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. லிட்டர் கணக்கில் டீசல் ஜெயிப்பதற்கு ஒரு காரணம் எளிது: ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி கூடுதல். படி பெரிசாக இருந்தால் படிக்கணக்கு குறைவாகத்தானே வரும்? சி.என்.ஜி. வண்டிக்கு 34, 35 என்று போடுகிறார்களே, அதுவும் இதே கதைதான். அது கிலோவுக்கு. ஒரு கிலோ வாயுவில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் சக்தி இருக்கிறது. பெட்ரோல் வண்டியின் எண்ணுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கவே கூடாது, ரூபாயாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வீண் சண்டையும் உண்டு. பலேனோ நல்லா கொடுக்கு, இல்லை டொயோட்டா கிளான்ஸாதான் கொடுக்கு என்று இரண்டு நண்பர்கள் டீக்கடையில் மல்லுக்கட்டியதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வண்டி, சின்னம்தான் வேறு. மாருதியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் அப்படியே, ஒரே எஞ்சின், ஒரே எண். அவர்கள் இருவரின் கால்களைத்தான் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

சரி, ஹைபிரிட்டுக்கு வருவோம். ஹோண்டா சிட்டியில் சாதாரண பெட்ரோல் 17.8, ஹைபிரிட் 26.5. உடம்பு ஒன்றுதான், எடை சொல்லப்போனால் ஹைபிரிட்டுக்குத்தான் கூடுதல். அப்படியிருந்தும் பாதிக்குப் பாதி ஏறுகிறது என்றால் சாதாரண வண்டி எங்கேயோ கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே கொட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்ணார்பேட்டையிலிருந்து ஈரடுக்கு மேம்பாலம் வழியாக டவுனுக்குப் போய்ப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு ஓரளவு பாரம் இருந்தால்தான் சிக்கனம். முதல் கியரில் பஸ்ஸின் பின்பக்கத்தை முறைத்துக்கொண்டு நகரும்போது அது பெரும்பாலும் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளத்தான் எரிக்கிறது. சும்மா நின்றாலே சின்னக் கார் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இதைக் கணக்குப் போடாமல் இருப்பதே மனசுக்கு நல்லது. அப்புறம் பிரேக். பெட்ரோலை எரித்து ஏற்றிய வேகத்தை முழுக்கச் சூடாக்கிக் காற்றில் விடுகிற சாதனத்துக்குத்தான் பிரேக் என்று பெயர்.

ஹைபிரிட் இந்த மூன்று ஓட்டைகளையும் அடைக்கப் பார்க்கிறது. நிற்கும்போது எஞ்சினை அணைக்கிறது. நகரும்போது மோட்டாரை வைத்துத் தள்ளுகிறது. பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டாரை மின்னாக்கியாகத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகிறது. டொயோட்டா ஒரு கோள்பற்சக்கரத் தொகுதியை வைத்து, எஞ்சினின் வேலையைச் சக்கரத்துக்கும் மின்னாக்கிக்கும் பங்கு பிரிக்கிறது. ஹோண்டா வேறு வழி: ஊருக்குள் எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டர் மட்டும்தான், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். நாலு வழிச் சாலை வேகம் வந்தபின் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சின் நேராகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கம்பெனியும் எஞ்சினில் அட்கின்சன் முறையைக் கையாளுகின்றன. வால்வைத் தாமதமாக மூடி, எரிந்த வாயுவை அதிகம் விரியவிட்டு வேலை வாங்குவது. இழுவிசை குறையும், அந்தக் குறையை மோட்டார் சரிக்கட்டிவிடும்.

பின்பக்கம் "ஹைபிரிட்" என்று ஒட்டியிருப்பதெல்லாம் இது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டாரை வைத்துக் கொஞ்சம் கைகொடுப்பது மைல்ட் ஹைபிரிட். ஹைரைடரில் இரண்டு வகையும் உண்டு. மைல்ட், கை கியரில் 21.12. முழு ஹைபிரிட் 27.97.

இந்த வித்தியாசம் எவ்வளவு பணம்? இங்கேதான் லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற கணக்கு நம்மை ஏமாற்றும். மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் மிச்சம் 33 லிட்டர், 3,300 ரூபாய். 20 கொடுத்த வண்டி 25 கொடுத்தால் மிச்சம் வெறும் 10 லிட்டர். இரண்டிலும் கூடியது அதே ஐந்துதான். மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும். ஐரோப்பாவில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுச் சொல்வதால் அங்கே இந்த மயக்கம் இல்லை.

இதே கணக்கில் ஹைரைடரைப் பார்த்தால், 21.12-லிருந்து 27.97 போவதற்கு மாதம் பதினொன்றரை லிட்டர்தான் மிச்சம். வருஷத்துக்குப் பதினாலாயிரம் ரூபாய். முழு ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக மூன்று லட்சம் கொடுக்க வேண்டியிருந்தால், அதை மீட்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். மாதம் 3,000 கி.மீ. ஓடுபவருக்கு ஏழு வருஷம். அந்த ஓட்டம் பூராவும் நெரிசலுக்குள் என்றால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் அங்கே சாதாரண வண்டியின் எண் சரிகிற அளவுக்கு ஹைபிரிட்டின் எண் சரியாது. நாலு வழிச் சாலையே கதி என்று இருப்பவருக்கு இன்னும் தாமதம். கங்கைகொண்டான் தாண்டி கோவில்பட்டி வரை ஒரே வேகத்தில் போகிறவர் எத்தனை தடவை பிரேக் பிடிக்கப்போகிறார்? பிடிக்காத பிரேக்கிலிருந்து மின்சாரம் வராது.

மலையேறும் போதாவது ஹைபிரிட் ஜெயிக்குமே என்று கேட்கலாம். மாஞ்சோலைப் பக்கம் போல ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளோடு 1,200 கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோல் ஆகும். இறங்கும்போது வண்டி விடுகிற சக்தி, வழியில் வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால், மூன்று யூனிட் மின்சாரத்துக்கு மேல். ஆனால் ஹைரைடரின் பேட்டரி 0.76 யூனிட்தான் கொள்ளும். பாதி மலை இறங்குவதற்குள் குடம் நிரம்பி வழிய ஆரம்பித்துவிடும்.

நாலு வழிச் சாலையில் எடையைவிடக் காற்றுதான் எதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால்வாசிதான் கூடுகிறது, எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். வாகன் ஆர் மாதிரி உயரமான பெட்டி வடிவ வண்டிக்கு ஊருக்குள் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஜப்பானில் சாதாரணச் சாலைகளின் பொது வேக வரம்பே 60 என்பதால் அங்கே அந்த வடிவம் செல்லப்பிள்ளை. நம் சாலையில் 110-ல் மிதித்துவிட்டுப் பெட்டியைக் குறைசொல்வது நியாயமில்லை. நானே ஒரு தடவை திருச்செந்தூர் போய்வந்த பிறகு கூரைமேல் மாட்டிய கேரியரைக் கழற்றச் சோம்பி ஒரு மாதம் சுற்றினேன். பங்க் ரசீதுகள்தான் ஞாபகப்படுத்தின.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேரியர் நம் ஊர்க் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி, காவல்கிணற்றுக்கு மேற்கே அது வானிலை அறிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துப் பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். நாகர்கோவிலைப் பார்த்து 80-ல் போகிற காருக்கு எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காருக்கு அது 120-ல் போவது மாதிரி: எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும், எதிர்ப்பு கால்பங்காகக் குறையும். அப்படியானால் போனதும் வந்ததும் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆகாது. இரண்டேகாலையும் காலையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றேகால். காற்றே இல்லாத நாளைவிட எதிர்ப்பு கால்பங்கு கூடுதல்.

இந்தக் காற்று விவகாரம் ஜப்பானில் ஒரு கம்பெனித் தலைவரைத் தலைகுனிய வைத்திருக்கிறது. உருளைமேல் சோதிக்கும் முன், வண்டியை நிஜப் பாதையில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று அளப்பார்கள். உருளைக்கு எவ்வளவு எதிர்ப்பு வைக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் வரும். 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி இந்த அளவையே தனக்கு வசதியாகத் திருத்திவந்ததாக ஒப்புக்கொண்டது. நிசானுக்குச் செய்துகொடுத்த கேய் கார்களும் சேர்த்து 6,25,000 வண்டிகள். விவகாரத்தைக் கிளப்பியதே எண்கள் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்த நிசான்தான். அடுத்த மாதமே சுசுகியும் முன்வந்து, தானும் விதிப்படி அளக்கவில்லை என்றது. சுமார் 21 லட்சம் வண்டிகள், எல்லாம் ஜப்பானில் விற்றவை. அது சொன்ன காரணம்: சகரா என்ற ஊரிலுள்ள எங்கள் சோதனைப் பாதை கடலோரக் குன்றின்மேல் இருக்கிறது, காற்று அளக்கவிடவில்லை, அதனால் உதிரிபாகங்களைத் தனித்தனியாக அளந்து கூட்டிக்கொண்டோம். பிறகு திரும்ப அளந்தபோது சுசுகியின் எண்கள் அறிவித்ததைவிட மோசமாக இல்லை. மிட்சுபிஷி கதை அப்படி முடியவில்லை. அந்த வருஷமே அதன் 34 சதவீதப் பங்கை நிசான் வாங்கிக்கொண்டது.

பெட்ரோலைப் பற்றி ஒரு வரி. இப்போது பங்க்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 18 கொடுத்த வண்டி 17-க்கு வந்தால் மெக்கானிக்கைச் சந்தேகிக்கும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம். டயரில் காற்றையும்தான்.

அத்தானுக்கு நான் இதில் கால்வாசிதான் சொன்னேன். தினமும் வள்ளியூர், நாகர்கோவில், திரும்ப வள்ளியூர். நெரிசல் கொஞ்சம், நாலு வழிச் சாலை நிறைய. ஹைபிரிட்டுக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் உங்களுக்குத் திரும்பாது, எடை குறைந்த, கூரை தாழ்ந்த சின்ன வண்டி போதும் என்றேன். வாங்கினார். ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த தடவை அதே பங்க்கில் நிரப்பி வகுத்துப் பார்க்கச் சொன்னேன், மூன்று நிரப்புக்குச் சராசரி எடுக்கவும். டேஷ்போர்டு காட்டுவதை நம்ப வேண்டாம், அது கொஞ்சம் தாராள மனசுக்காரர். வைகாசி முழுக்க நோட்டுப் போட்டு எழுதினார், 20-க்குக் குறையவில்லை.

ஆடி பிறந்து பத்தாம் நாள் ஃபோன். "மாப்ளே, வண்டி திடீர்னு கொடுக்கவே மாட்டேங்கு. சர்வீஸ்ல விட்டுப் பாக்கட்டா?"

"எந்த ரோட்டுல, அத்தான்?"

"எப்பவும் போற ரோடுதான். நாகர்கோவிலுக்கு."

முப்பந்தலில் காற்றாலையெல்லாம் எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அத ஏன் கேக்க, நேத்து ஒரு லாரிக்காரன் தார்ப்பாய் பறந்துபோய், ரோட்டோரமா நிறுத்திட்டு அதுக்குப் பின்னால ஓடிக்கிட்டு இருந்தான்" என்றார்.